ரசீது யார் பேரில்?

"குந்தவை ஆண்டாங்களா பெரியம்மா, இல்ல கோயில் மட்டும் கட்டினாங்களா?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது தங்கை மகள் கேட்டாள். அவள் மடியில் எகிப்து அரசி ஹாட்ஷெப்சுட் பற்றிய புத்தகம். நம் பக்கத்திலும் ஒரு அரசி உண்டு, தாதாபுரத்துக்குப் போனால் பார்க்கலாம் என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். திண்டிவனம் வரும்வரை பதில் சொல்லவில்லை. இன்னமும் சொல்லவில்லை.

தாதாபுரம் சோழர் காலத்தில் ராஜராஜபுரம். அங்கே ராஜராஜனின் அக்காள் குந்தவை எடுப்பித்தவை மூன்று: சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், பெருமாளுக்குக் குந்தவை விண்ணகரம், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். அவர் கொடுத்த பொன்னும் வெள்ளியும் கல்வெட்டில் ஏறியிருக்கின்றன. என் மனசு கோபுரத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்கிலேயே நிற்கிறது. கொடுத்தது இன்னார் என்று கல்லில் இருக்கிறது.

காரணம் என் அத்தை. மல்லாட்டையை (நிலக்கடலைதான்) ஒரு கை அள்ளி, நாலு காயை உடைத்துப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். மார்க்கெட் கமிட்டிக்கு எப்போது மூட்டை ஏற்றுவது, யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தப் பெண்ணுக்கு எந்த ஆவணியில் கல்யாணம், எல்லாம் அவர் வைத்ததுதான். மாமா தலையாட்டுவார். ஆனால் ரசீது மாமா பேரில், பட்டா மாமா பேரில். கமிட்டிப் புத்தகத்தைப் புரட்டினால் அத்தை என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

ஹாட்ஷெப்சுட் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிஜமாகவே ஆண்டவர். சிலைகளில் அவருக்குத் தாடி ஒட்டினார்கள். இறந்த பிறகு பெயரைப் பல இடங்களில் கொத்தி எடுத்தார்கள். ஓரங்கல்லில் (இன்றைய வாரங்கல்) 13ஆம் நூற்றாண்டில் அரியணை ஏறிய ருத்ரமாதேவி, கல்வெட்டுகளில் ருத்ரதேவ மகாராஜா. அரியணையில் உட்கார ஆணாக வேண்டியிருந்தது. குந்தவை உட்காரவில்லை, தாடியும் தேவைப்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கொடைகளை வெட்டச் சொன்ன ராஜராஜன், தான் கொடுத்ததற்கு அடுத்தபடி அக்காள் கொடுத்ததைச் சொல்கிறான். மனைவியர் அதற்கும் பிறகுதான்.

அதற்காகத் துள்ளவும் முடியவில்லை. கல்வெட்டில் அவர் இன்னாரின் மகள், இன்னாரின் அக்காள், வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. அந்தப் பொன்னுக்குப் பின்னால் எத்தனை ஊர் வரியோ, எந்தப் போரின் கொள்ளையோ? நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. (சினிமாவில் குந்தவையாக த்ரிஷாவைப் பார்த்த பிறகு இதையெல்லாம் யோசிப்பது சிரமம்தான்.)

ஆண்டாரா? ஆம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. சொல் செல்லுபடியானால் போதும் என்றால் அத்தையும் ஆண்டவர்தான். அரியணைதான் வேண்டும் என்றால் இருவருமே இல்லை. இன்றைக்கு நான் கல்வெட்டுப் பக்கம் சாய்கிறேன். நாளைக்கு மாறினாலும் மாறுவேன். உங்கள் வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.