சோற்றுப் பணமும் கட்டுத் துணியும்

அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், புண்ணாற்ற வந்த மருத்துவர்களைத் திருப்பி அனுப்பினார் என்கிறது பாரதம். அதனைப் பெருமையென்று பாடினர் புராணிகர். அந்த அத்தினாபுரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தாம்பரத்து அஸ்தினாபுரத்தில் வாழும் நாம், அப்பெருமையை ஏற்பதற்கில்லை. புண் போற்றுதற்குரியதோ? ஆற்றுதற்குரியதன்றோ!

தண்டுவடம் முறிந்தவரை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, அழுத்தம் தெரிவதில்லை, படுக்கைப் புண் எலும்பு வரை இறங்குகிறது. அவருக்கும் தொழுநோயால் பாதிக்கப்பட்டோர்க்கும் தமிழ்நாடு அரசு பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 2023-ஆம் ஆண்டில் அது மாதம் 2,000 ரூபாய். வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி: அப்பணம் அரிசிக்கா, கட்டுத் துணிக்கா? பசித்த வீட்டில் அடுப்பே முந்திக்கொள்ளும். புண் காத்துக் கிடக்கும்.

"பணம் தந்தாயிற்று, இனிக் குடும்பம் பார்க்கட்டும்" என்பர் சிலர். குடும்பம் என்றால் யார்? மனைவி, மகள், மருமகள்! கூலியற்ற அவர்தம் உழைப்புக்குத் தியாகம் என்று பெயர் சூட்டி, விதியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஊர் உறங்குகிறது.

2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், நோயாளியின் வீட்டுக்கே மருந்தும் வலி தணிப்புச் சிகிச்சையும் செல்லக்கூடும் என்று காட்டிற்று. அவ்வழியே மேலும் நடக்க வேண்டும். உதவித்தொகை உணவுக்கு இருக்கட்டும். மருந்தும் கட்டுத் துணியும் கட்டுப் போடத் தெரிந்த செவிலியரும், தவறாது வாசலுக்கு வரட்டும். அச்செலவைப் பொதுப்பணம் தனியே ஏற்கட்டும். அப்பணம் துணிக்கும் வரி செலுத்தும் ஏழையின் பணமுமன்றோ? ஆகவே இதனை இரக்கத்தின் பெயரால் கேட்கவில்லை. உரிமையின் பெயரால் கேட்கிறோம்.