யார் படகைக் கரையேற்றுவது?

படப்பை கடைத்தெருவில் மீன் வாங்கப் போனால் பொருளாதாரப் பாடம் இலவசம். சில மாதம் மத்தியைக் கூறு கட்டி மலிவாகத் தருகிறார்கள். சில மாதம், “மத்தி வரத்தே இல்ல சார், வஞ்சிரம் பாக்குறீங்களா?” என்கிறார் மீன்கார அம்மா, நம் பர்ஸின் நிலைமை தெரியாமல். (சென்னைப் பக்கம் சாளை வகை ஒன்றுக்குக் ‘கவலை’ என்றே பெயர். பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி!)

மத்தியின் ஆயுள் இரண்டு, இரண்டரை வருஷம்தான். பருவமழை, கடலின் சூடு, அடியிலிருந்து மேலெழும் குளிர்நீர், அதில் வளரும் நுண்ணுயிர்கள்... ஏதோ ஒன்று தப்பினாலும் ஒரு தலைமுறை காலி. கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-ல் மூவாயிரத்துச் சொச்சம் டன். 2024-ல் மறுபடி ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில். விசைப்படகே இல்லாத காலத்திலும் இந்தக் கண்ணாமூச்சி உண்டு. கலிஃபோர்னியாவில் கடலடிச் சேற்றில் படிந்த செதில்களை எண்ணிப் பார்த்து, சுமார் 1,700 வருஷமாக மத்தி பெருகியும் அருகியும் வந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆக, மீன் குறைவதற்கு எப்போதும் மனிதனைத் திட்ட முடியாது. ஆனால், படகு? மீன் கொழிக்கிற வருஷத்தில் கடன் வாங்கிப் படகு கட்டுகிறோம். மீன் ஓடிப்போன வருஷத்தில் படகு ஓடிப்போவதில்லை. ஒரகடத்தில் ஆர்டர் குறைந்தால் ஷிஃப்டைக் குறைப்பார்கள். கான்ட்ராக்ட் பையனிடம், “நாளைக்கு வராதே” என்பார்கள். கொடுமைதான். ஆனாலும் மெஷின் நிற்கிறது. கடலில் நேர் எதிர். மீன் குறையக் குறைய இன்னும் தூரம், இன்னும் பெரிய இன்ஜின், இன்னும் சின்னக் கண்ணி. வட்டி நிற்காதே! படகில் போகிறவர்களுக்கோ பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு உலகத்தின் நல்ல மனசெல்லாம் நம் கரையில் ஃபைபர் படகுகளாக வந்து இறங்கியது. பல ஊர்களில் இழந்ததைவிட அதிகம். கூலிக்குப் போனவர் சொந்தக்காரர் ஆனார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் மட்டும் அதே அளவு.

இப்போது யாரைக் கரையேறச் சொல்வது? தமிழ்நாட்டில் சுருக்குமடி வலைக்கு 2000-லேயே தடை. போட்ட முதல் என்னாவது என்று அந்த வலைக்காரர்கள் 2021-ல் போராடினார்கள். கூட்டத்தையே வாரிவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது சிறு படகுக்காரர்களின் கேள்வி. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டே நாள் என்று இடைக்கால அனுமதி தந்தது. நாளைக் குறைத்தாயிற்று. படகுகளின் எண்ணிக்கை?

பெரு நாடு பட்டுத் தெளிந்தது. 1970-ல் 1.2 கோடி டன் நெத்திலி பிடித்தார்கள். எல் நினோ வந்தது, படகுகளும் விடவில்லை. 1973-ல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை. 2008-ல் சட்டம் போட்டு, தொழிற்சாலைகளுக்குப் பிடிக்கும் ஒவ்வொரு பெரிய படகுக்கும் இவ்வளவுதான் என்று பங்கு பிரித்தார்கள். போட்டி போட அவசியமில்லாமல் பல படகுகள் கரையேறின. வேலை இழந்தவர்களுக்காகக் கம்பெனிகளே நிதி போட வேண்டும் என்றும் வைத்தார்கள். சபாஷ்! நாமும் செய்யலாம். கடன் கொடுத்த வங்கியும் மானியம் கொடுத்த அரசும் நஷ்டத்தில் பங்கு எடுக்கட்டும்.

ஆனால், அந்தப் பங்கை எதை வைத்துப் பிரித்தார்கள் தெரியுமா? முன்பு எவ்வளவு பிடித்தாய், படகு எவ்வளவு பெரிசு என்று பார்த்து. அதிகம் வாரியவருக்கு அதிகப் பங்கு! இங்கே அதே கணக்கைப் போட்டால், இத்தனை வருஷம் கட்டுமரத்தோடு நின்றுகொண்டவர் பெயருக்கு நேரே எவ்வளவு எழுதுவார்கள்?