கல்லுக்குக் கீழே

தெருக் கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை போடும் தளம், வீட்டு வேலைகளில் பெரும்பாலும் கடைசியாக வருவது. அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாகியிருக்கும். பணமும் பொறுமையும் தீர்ந்த வேளையில் ஆள் தேடுவதால் “சதுர அடி என்ன ரேட்?” என்பதே முதல் கேள்வியாகவும், பல வீடுகளில் ஒரே கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். பழையது ஏன் அமிழ்ந்தது என்று கேட்பவர் குறைவு.

பேவர் பிளாக்கோ, கான்கிரீட்டோ, கடப்பாக் கல்லோ, தளம் கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். வீடு கட்டிய மிச்சமான செங்கல் துண்டுகள், பூச்சு உதிரி, கிழிந்த சிமெண்ட் சாக்கு எல்லாவற்றையும் வாசலிலேயே நிரவி, மேலே எம்-சாண்ட் பரப்பிக் கல்லை அடுக்கினாலும் அன்று மாலை தளம் அழகாகவே இருக்கும். முறையாகச் செய்த தளமும் அன்று மாலை அப்படியேதான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐப்பசி மழைக்குப் பிறகு, கார்ச் சக்கரம் ஏறி இறங்கும் இரண்டு தடங்களில் தெரிய ஆரம்பிக்கும்.

பேரம் பேசுவதிலுள்ள சிக்கல் இங்கே இருக்கிறது. கல்லின் விலை ஊரறிந்தது. கூலியாட்களுக்கு அன்றன்று கொடுத்தாக வேண்டும். ரேட்டைக் குறைக்கச் சொன்னால் கான்ட்ராக்டர் கைவைக்கக்கூடிய ஒரே இடம் கண்ணுக்குத் தெரியாத அடுக்கு. ஆறு அங்குலம் போட வேண்டிய ஜல்லிக் கலவை மூன்றாகும். மெஷின் வைத்து இறுக்க வேண்டிய இடத்தில் நாலு குடம் தண்ணீர் தெளித்து மிதித்துவிடுவார்கள். பின்னால் “ஏமாற்றிவிட்டான்” என்று சொல்லும் வீட்டுக்காரர், தாம் கடைசியாகக் குறைத்த பத்து ரூபாய் எதிலிருந்து கழிந்தது என்று கேட்டுக்கொள்வதில்லை. எல்லாக் கான்ட்ராக்டர்களும் யோக்கியர்கள் என்று இதற்குப் பொருளில்லை. விலையைப் பேசும்போதே தரத்தையும் பேசியாக வேண்டும் என்பதுதான் பொருள்.

ஆகவே எழுத்தில் கேட்க வேண்டியது வெறும் ரேட் அல்ல. எத்தனை அங்குலம் தோண்டுவார், எடுத்த மண்ணை யார் அப்புறப்படுத்துவது, இறுக்கிய பிறகு ஜல்லி அடுக்கு எத்தனை அங்குலம் நிற்கும், ஓரக்கல் உண்டா என்பனவும் எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும். ஓரக்கல்லைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. ஓரம் பிடிமானமில்லாமல் போனால் கற்கள் ஒவ்வொன்றாக விலகி, இடுக்கு மணல் கரைந்து, முழுத் தளமும் தளர்ந்துவிடும். கல்லைப் பொறுத்தவரை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 15658 எண் தரநூல் வழிகாட்டுகிறது: இலேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம், எம்-35 கான்கிரீட், நடுத்தரமானதற்கு 80 மில்லிமீட்டர், எம்-40. அடித்தளம் சரியாக இருந்தால் ஒரு காருக்கு 60 போதும். தண்ணீர் லாரி உள்ளே வந்து சம்ப்பை நிரப்பும் வீடு என்றால் 80 கேட்பதே நல்லது. அந்தச் சம்ப் கார் நிற்கும் இடத்துக்கு அடியிலேயே இருந்தால், அதன் மூடு தளம் வண்டியின் பாரத்தைத் தாங்குமா என்பதை வேலை தொடங்கும் முன்பே பொறியாளரிடம் கேட்டுவிட வேண்டும். சம்ப்பின் வாய் தளத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மறந்தால் வாசல் கழுவிய தண்ணீர் குடிதண்ணீரில் சேரும். கான்கிரீட் தளம் என்றால் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அந்த வேலை தங்களுடையதா, வீட்டுக்காரருடையதா என்பதை மேஸ்திரிகள் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு.

ஆளைத் தேர்வது எப்படி? போன மாதம் முடித்த வேலையின் புகைப்படங்கள் எதையும் சொல்லா. இரண்டு மழைக்காலம் கடந்த வாசல் ஒன்றைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டாரிடம் பேச வேண்டும். இப்போது நடக்கும் வேலை ஒன்றை, மண் திறந்துகிடக்கும் நாளில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது. வந்து இனிமையாகப் பேசுகிறவர் ஒருவராகவும், கல் அடுக்குகிறவர் அவரிடமிருந்து லேபர் கான்ட்ராக்ட் எடுத்த இன்னொருவராகவும் இருப்பது வழக்கம். வேலைக்கு நிற்கப்போகும் மேஸ்திரியை முன்கூட்டியே பார்ப்பது அதனால் அவசியமாகிறது.

அடுத்தது வாட்டம். ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் ஏறக்குறைய 930 லிட்டர். பத்தடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம் கொடுத்தால் அது தேங்காமல் ஓடும். எங்கே ஓடும் என்பது கொத்தனாரின் கணக்கு அல்ல, வீட்டுக்காரரின் முடிவு. பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி வாட்டம் பிடித்தால் சொந்த வாசல் காய்ந்துவிடும், அண்டை வீட்டுச் சுவர் ஓதம் காக்கும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டைமாடிக் குழாயோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். கேட்டுக்கு உட்புறம் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, துளையிட்ட மூடி போட்டு, அதைக் கசிவுக்குழியோடு இணைத்தால் வாசல் நீரும் மண்ணுக்குள் இறங்கும். தளம் போடும்போதே செய்தால் செலவு குறைவு; பிறகு என்றால் கல்லைப் பெயர்க்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே இன்னொரு சோதனை காத்திருக்கிறது. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர உயர, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த வேண்டிவந்தது. அந்தப் பயத்தில் வாசலை மூன்றடி தூக்கி, சாய்தளத்தை மழைநீர் வடிகாலின் மேல் தெருவுக்குள் நீட்டுகிறார்கள். கான்ட்ராக்டர் மறுக்கப்போவதில்லை; சொன்னதைக் கட்டிக் கொடுத்துப் பணம் வாங்கிப் போய்விடுவார். நடைபாதையில் வரும் முதியவர் அந்தச் சரிவைச் சுற்றிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்க வேண்டும். மாநகராட்சி ஒருநாள் இடித்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. சாய்தளத்தைக் கேட்டுக்கு உள்ளேயே இறக்கிக்கொண்டால் வாசலில் ஒரு பகுதி சரிவாகப் போகும், அவ்வளவுதான்.

பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. சாமான் இறங்க ஒரு பங்கு, ஜல்லி அடுக்கை அளந்து பார்த்த பிறகு ஒரு பங்கு, கல் போட்டு முடிந்ததும் ஒரு பங்கு, மழைக்காலம் கழித்துக் கடைசிச் சிறு பங்கு. இந்தக் கடைசிப் பங்குக்குக் கான்ட்ராக்டர்கள் தயங்குவார்கள். அப்படி நிறுத்திவைத்த தொகை கைக்கு வராமலே போன அனுபவம் அவர்களுக்கு நிறைய. தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தால் தயக்கம் குறையும். அடுக்கு மூடப்படும் முன் டேப்பை வைத்து எடுத்த புகைப்படம் இருவரிடமும் இருக்கட்டும்.

பில் இல்லாமல் போட்டால் வரி மிச்சம் என்ற யோசனை அநேகமாக ஏதாவதொரு பக்கத்திலிருந்து வரும். அதற்கு இசைகிறவர் ஆதாரத்தையும் கைவிடுகிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆணையம் கேட்கப்போவது எஸ்டிமேட், ரசீது, புகைப்படம். வாய்ப்பேச்சாக முடித்த வேலையில் இவற்றில் ஒன்றும் இருக்காது.