தெளிந்த நாளில் கேட்பது

மண்ணரையில் பனியன் கம்பெனித் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஷிப்மென்ட் தேதிதான் காலண்டர். அது நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் இரண்டாகும், நள்ளிரவு தாண்டியும் மெஷின் ஓடும். எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னோடு படித்தவர். பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறார். தூக்கம் கெட்டால் அந்த நோய் கிளம்பும். ஆக, நான் போடும் ஷிப்டே அவரைச் சாய்க்கலாம். நட்பா கடமையா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. கடமை என்று நான் சொல்வதில் பாதி, சரக்கு வாங்கும் பையரின் அவசரம்.

மீதிப் பாதி பொய்யல்ல. தூங்காமல் பறந்துகொண்டிருக்கும் ஆள் பேண்ட் நைஃப் முன்னால் நின்றால் விரல் போகும். துணி தப்பாக வெட்டுப்பட்டால் டைலர்களுக்குப் பீஸ் இல்லை, சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும். அவர்களிடம் போய் சிநேகிதம் பேச முடியுமா? அதற்காக அவர் நோயைத் தளத்தில் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

வேலையில் இருக்கும்போது உடல், மனக் குறைபாடு வந்தவரை நீக்கக்கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். பீஸ் ரேட் கம்பெனியை அது எட்டாது.

எனக்கு வழி கிடைத்தது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில். தெளிவாக இருக்கும்போதே, நோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசலாம் என்று ஒருவர் எழுதிவைக்கலாம். இதேபோல் வேலைக்கும் எழுதிக்கொண்டால் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"அப்போ என்னையக் கேக்காத மாப்ள, அப்போ நான் ராஜா. இப்பக் கேளு" என்றார்.

எழுதினோம். இரண்டு இரவு தூக்கமில்லை என்றால் கத்தி தொடமாட்டார், செக்கிங் பார்ப்பார், சம்பளம் குறையாது. வீட்டில் மனைவியிடம் மட்டும் நான் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் தன் சார்பில் பேச என் பெயரைப் போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். ஷிப்மென்ட் வாரத்தில் "ஆள் தேறிட்டாருங்க, வீட்டுக்கு அனுப்புங்க" என்று இந்த வாய் சொல்லிவிடும். அவருக்கு வருத்தம்தான். தங்கை பெயரை எழுதினார்.

இரவு ஷிப்ட் அவருக்குக் கிடையாது என்றும் ஒரு வரி உண்டு. "ஏனுங்க, எங்களுக்குத் தூக்கம் வேண்டாமுங்களா?" என்று மற்ற கட்டிங்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலாளியிடம் கொண்டுபோனேன். பையரிடம் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பார் என்கிறார்.