பூட்டிய வீடு

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு. திருவல்லிக்கேணியில் எங்களுக்கு ஒரு பழைய வீடு உண்டு. தந்தையார் காலமான பிறகு அது பூட்டியே கிடக்கிறது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்து வரலாமென்று போனேன். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுதான் தாமதம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடிப் போய் வாசலில் ஒதுங்கினேன். எனக்கு முன்பே ஒரு குடும்பம் அங்கே ஒதுங்கியிருந்தது. புருஷன், மனைவி, மடியில் ஒரு குழந்தை. நனையாத இடம் இரண்டு முழ அகலம் இருந்தால் அதிகம்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் துணி மூட்டையைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு, "இப்படி உள்ள வந்து நில்லுங்க சாமி, சாரல் அடிக்குது. இந்த வீட்டுல யாரும் இல்ல, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

அரை மணி நேரம், என் வீட்டு வாசலில், அவர்களுடைய விருந்தாளியாக நின்றேன். மழை விட்டதும் கதவைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

அந்த வீட்டுக்கு நல்ல அகலமான திண்ணை உண்டு. பாட்டனார் கட்டியபோது, வழிப்போக்கன் தலை சாய்க்கச் சாய்மானமும் வைத்தே கட்டினார். வீடு பூட்டப்பட்ட பிறகு அதற்கு இரும்புக் கம்பி அடைத்தவன் நான்தான். யாராவது வந்து படுத்துக்கொள்வார்கள் என்று அப்போது காரணமும் சொன்னேன். திண்ணை எதற்காக இருக்கிறதோ, அதுவே அதை அடைப்பதற்குக் காரணமாகிவிட்டது!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏன் திறந்துவிடவில்லை?" என்று கேட்டாள்.

"அப்புறம் காலி செய்யாவிட்டால்?"

"அவர்கள் காலி செய்யமாட்டார்கள் என்றா பயந்தீர்கள்? காலி செய்யச் சொல்ல உங்களுக்கு வாய் வராது என்றல்லவா பயந்தீர்கள்!"

அவள் சொன்னது உண்மை. ஒரு முறை உள்ளே விட்டுவிட்டால், பிறகு வெளியே அனுப்புகிற மனிதனாக நான் மாற வேண்டும். அந்த மனிதனைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பூட்டு அவர்களைத் தடுத்ததைவிட என்னைக் காப்பாற்றியதுதான் அதிகம்.

திருக்கோவலூர் இடைகழிக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். மழை இரவில் ஆழ்வார்கள் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவன் வந்து நெருக்கினான், அவன் பெருமாள் என்கிறது கதை. துணி மூட்டையை இழுத்துக்கொண்ட அந்தப் பெண் இந்தக் கதையைக் கேட்டிருப்பாளோ, என்னவோ. நான் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன்.

இது என் ஒரு வீட்டுக் கதையல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் எந்த உபயோகமும் இல்லாமல் காலியாகக் கிடந்த வீடுகளும் கட்டடங்களும் 1 கோடியே 10 லட்சம். வீடில்லாமல் நகரங்களில் கிடந்த மனிதர்கள் 9 லட்சத்து 38 ஆயிரம். தலைக்குப் பதினொன்றுக்கு மேல்! எல்லாவற்றையும் எல்லோருக்கும் பங்கிட்டுவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். பூக்கடையில் கூலி வேலை செய்கிறவனுக்கு எங்கோ புறநகரில் இருக்கும் காலி வீட்டால் என்ன பயன்? ஆனாலும் 'இடமில்லை' என்ற சொல்லை நாம் இனிமேல் கூச்சமில்லாமல் சொல்ல முடியாது.

பூட்டை உடைத்து உள்ளே போவதும் வழியல்ல. பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்தில், முன்பு போலீஸ் தலைமையகமாக இருந்து கைவிடப்பட்ட 24 மாடிக் கட்டடத்தில் வீடற்ற குடும்பங்கள் குடிபுகுந்தன. 2018 மே 1-ஆம் தேதி விடியுமுன் தீப்பிடித்து, கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. உயிர்கள் போயின. காலி இடம் மட்டும் வீடாகிவிடாது. மின்கம்பியையும் மாடிப்படியையும் தண்ணீரையும் கழிப்பறையையும் கவனிக்க ஒரு பொறுப்பாளி வேண்டும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரமும், மதுரையில் மங்கம்மாள் சத்திரமும் எதற்காக எழுந்தன? தனி மனிதனின் இரக்கம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பயந்துகொள்ளும். சத்திரத்துக்கு விதி உண்டு, கணக்கு உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வருகிறவன் யாருடைய முகத்தையும் பார்த்துக் கெஞ்ச வேண்டாம். போகச் சொல்லி யாரும் பாவம் சுமக்கவும் வேண்டாம். இரக்கத்தை ஏற்பாடாக மாற்றியதற்குத்தான் தர்மம் என்று பெயர்.

ஏற்பாடு முடியாத காரியமா? 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, சென்னைத் தெருக்களில் கிடந்தவர்கள் பலரை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களிலும் சமூக நலக்கூடங்களிலும் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். லண்டனில் காலியாக இருந்த ஓட்டல் அறைகள் அவர்களுக்காகத் திறக்கப்பட்டன. அதுவரை இல்லாத இடம் சில நாட்களில் எங்கிருந்து வந்தது? நோய் நம்மையும் தொற்றுமே என்ற பயம் கதவைத் திறந்தது. பயம் தெளிந்ததும் பலருக்கு மீண்டும் நடைபாதைதான். பயத்துக்காகச் செய்ய முடிந்ததை நியாயத்துக்காகச் செய்ய முடியாதா?

அரசாங்கம் முதலில் தன்னுடைய காலிக் கட்டடங்களைத் திறக்கட்டும். அடுத்தபடியாக, என்னைப் போன்றவர்களின் வீடுகளை மாநகராட்சியே குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுக்கட்டும். பழுது பார்க்கவும், தவணை முடிந்ததும் குடியிருப்பவர்களுக்கு வேறு இடம் தரவும் அதுவே பொறுப்பேற்கட்டும். அப்போது சாவியைக் கொடுக்க எத்தனையோ பேர் முன்வருவார்கள். நானும் வருவேன்.

இப்படி எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம். ஏற்பாடு வரட்டும் என்று காத்திருப்பதும் இன்னொரு பூட்டுத்தானோ? போன வாரம் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய், திண்ணைக் கம்பியை அறுத்து எடுக்கச் சொன்னேன். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். பெரிய காரியமென்று இதைச் சொல்லவில்லை. வீட்டுச் சாவி இன்னும் என்னிடந்தான் இருக்கிறது.