நிருகனின் பசுவும் என் காடியும்



போன மாதம் நம் இளைஞர் முகாமில் இரவுச் சத்சங்கம் முடிந்த பிறகு, ஒரு தம்பி எழுந்து என்னிடம் கேட்டார். "அண்ணே, தெரியாம செஞ்ச தப்புக்கும் பாவம் உண்டா?" நான் நிருக மகாராஜா கதையைச் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அந்தத் தம்பி கைதட்டல. நான் எதையோ மறைக்கிறேன்னு அவர் முகத்திலேயே தெரிஞ்சது. உண்மைதான், மறைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. முகாமுக்கு வராதவர்களுக்காக.

பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் வருகிறது. யாதவ குலத்துப் பையன்கள், சாம்பன், பிரத்யும்னன் எல்லாரும், ஒரு நாள் தோட்டத்துக்கு விளையாடப் போனார்கள். விளையாடிக் களைத்துத் தண்ணீர் தேடினார்கள். ஒரு பாழுங்கிணறு கிடைத்தது. உள்ளே தண்ணீர் இல்லை, மலை மாதிரி ஓர் ஓணான் கிடந்தது. பாவம்னு நினைச்சு, தோல் வாரும் கயிறும் கட்டி இழுத்தார்கள். அசையவில்லை. ஓடிப்போய்க் கண்ணபெருமானைக் கூட்டி வந்தார்கள். அவர் இடது கையால் சாதாரணமாகத் தூக்கினார். அவர் கை பட்டதும் ஓணான் உருவம் போய், பொன்னிற மேனியோடு ஒரு தேவன் நின்றான். அவன்தான் முற்பிறவியில் நிருகன் என்ற அரசன்.

அவன் செய்த தப்பு என்ன தெரியுமா? தானம் கொடுத்தது. கணக்கில்லாத பசுக்களைத் தானம் கொடுத்தவன் அவன். ஒரு பிராமணருக்குக் கொடுத்த பசு எப்படியோ திரும்பி வந்து அரண்மனை மந்தையோடு கலந்துவிட்டது. இவனுக்குத் தெரியாது. அதையே இன்னொரு பிராமணருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டான். அவர் பசுவை ஓட்டிக்கொண்டு போகும்போது முதல்வர் பார்த்துவிட்டார். "இது என் மாடு" என்கிறார். "அரசன் எனக்குக் கொடுத்தது" என்கிறார் மற்றவர். ரெண்டு பேரும் அரசனிடம் வந்தார்கள். நிருகன் கெஞ்சினான். இந்த ஒரு பசுவை விட்டுக்கொடுங்கள், லட்சம் பசு தருகிறேன் என்றான். ரெண்டு பேருமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். பிறகு அவன் இறந்து எமனிடம் போனான். முதலில் பாவத்தை அனுபவிக்கிறாயா, புண்ணியத்தையா என்று எமன் கேட்டான். பாவத்தை முதலில் என்றான் நிருகன். ஓணானாக விழுந்தான்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் நிருகனைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது பிராமணர்தான் முக்கியம். அவர் என்ன தப்பு செய்தார்? நல்ல மனுஷன் கையால் கிடைத்த பசுவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். ஒரு காலத்தில் நான் என்னை அவராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2014. எனக்கு 29 வயசு. கிள்ளானில் மூன்று வேன் வைத்துப் பொட்டலம் டெலிவரி செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கோவில், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், சமய வகுப்பில் உதவி. நல்ல பையன்னு பேர். ஆனால் ஒரு பைத்தியம் இருந்தது, அது காடிப் பைத்தியம். ஃபெடரல் ஹைவேயில் ஒரு போர்ஷே என் வேனைத் தாண்டிப் போனால், அந்தச் சத்தம் அன்றைக்கு ராத்திரி வரைக்கும் காதில் இருக்கும்.

கோவில் அன்னதானத்தில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன். சாம்பார் வாளியை நான் ஒரு பக்கம் பிடித்தால் அவர் மறுபக்கம் பிடிப்பார். பழைய காடி வாங்கி விற்கிறேன் என்று சொல்வார். ஒரு நாள் பந்தி முடிந்து கை கழுவும்போது கேட்டார். "தம்பி, கேமன் ஒன்னு வருது. வேணுமா?"

போர்ஷே கேமன். ரெண்டு பேர் உட்காரலாம், வெள்ளி நிறம். அந்த வருஷத்துக் காடி அப்போது ரெண்டு லட்சம் வெள்ளிக்குக் குறையாது. அவர் கேட்டது 85,000. "நம்ம பையன்னுதான் உனக்குச் சொல்றேன், வெளிய சொல்லாத." ஈப்போவில் ஒரு முதலாளியோட காடி, அவர் வெளிநாடு போகிறார், அவசரம் என்றார்.

என் சேமிப்பு 60,000. மீதிக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைத்தேன். அம்மா தானாகவே கழற்றிக் கொடுத்தார். "என் பிள்ளை கோவில்ல பழகின மனுஷன்கிட்ட வாங்குறான்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம்.

இப்போது முகாமில் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். அசல் கெரான் கேட்டேன், நகல் கொடுத்தார். பேர் மாற்றுவது எப்போது என்று கேட்டேன். "முதலாளி கம்பெனிப் பேர்ல இருக்கு, ஆறு மாசத்துல பாத்துக்கலாம்" என்றார். புஸ்பாகமில் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்தது. கேட்கல. கேட்டால் காடி கைவிட்டுப் போயிடுமோன்னு பயம். கவனிங்க, காடி திருட்டுக் காடியா இருக்குமோ என்ற பயம் இல்லை. கிடைக்காமல் போயிடுமோ என்ற பயம்.

இன்னும் ஒன்று. வாங்கிய மறுநாள் உள்ளே துடைத்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு பார்க்கிங் கார்டு, ஜொகூர் பாருவில் உள்ள ஒரு கோண்டோவின் பெயர் போட்டது. ஈப்போ முதலாளிக்கு ஜொகூரில் எதுக்குப் பார்க்கிங்? அரை நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே கோவிலில் வாகன பூஜை. குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்தார், கண்ணாடியில் திருநீறு பூசினார், மாலை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாக நசுக்கிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடி வந்தார்கள். விற்ற அண்ணனும் வந்திருந்தார், தட்டில் 50 வெள்ளி போட்டார்.

நாலு மாதம் ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி ரோட்பிளாக். போலீஸ்காரர் டார்ச் அடித்து, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சேசிஸ் எண்ணைப் பார்த்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். இன்னொருவரைக் கூப்பிட்டார். ரெண்டு இடத்து எண்ணும் ஒத்துப் போகல. இதே நம்பர் பிளேட்டோடு, இதே நிறத்தில், வேற மாநிலத்தில் ஒரு கேமன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததாம். என்னுடையது அதன் குளோன். அதாவது திருடின காடிக்கு, உண்மையான இன்னொரு காடியின் பிளேட்டையும் பத்திரத்தையும் போட்டு விற்பது.

அன்று ராத்திரி லாக்கப். பெல்ட், செருப்பு, கழுத்திலிருந்த ருத்திராட்சம் எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். காலையில் ஒரு சார்ஜன் வாக்குமூலம் எழுதினார். வயசானவர், கோபமே படல. மலாயில் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "தாவு கெ, தக் தாவு?" தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டும் குற்றம் இல்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வாங்கினாலோ வைத்திருந்தாலோ குற்றம்தான். ஐந்து வருஷம் வரைக்கும் சிறை. "காரணம் இருந்துச்சா? உள்ள ஏதாவது கிடைச்சுச்சா?" என்றார்.

இல்லை என்றேன்.

என்னை ஜாமீனில் விட்டார்கள். காடி போச்சு. திருடனுக்கு உரிமை இல்லாதபோது அவனிடம் வாங்கியவனுக்கும் உரிமை வராது. காசு கொடுத்தேன், பூஜை போட்டேன் என்று சொன்னால் செல்லாது. விற்ற அண்ணனின் போன் அன்றைக்கே அடைத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் காடியின் உரிமையாளர் பாலாய்க்கு வந்தார். அறுபது வயசிருக்கும், சீனர், ஜொகூரில் வன்பொருள் கடை வைத்திருந்தவர். முப்பது வருஷம் கடையில் நின்றுவிட்டு, ஓய்வு பெற்ற அன்றைக்கு வாங்கின காடியாம். கதவு ஓரத்தில் ஒரு கீறலைத் தடவிப் பார்த்தார். எனக்கும் அந்தக் கீறல் தெரியும், பாலிஷ் போட்டும் போகாதது. பிறகு என் பக்கம் திரும்பி, என் தோளில் கை வைத்து, "உன்னையும் ஏமாத்திட்டான், பாவம். உன் பணமும் போச்சே" என்றார். கடையில் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

குடித்தேன். தம்பி தங்கைகளே, அந்தக் கோப்பியை நான் குடித்தேன். குப்பையில் போட்ட கார்டு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்துப் போலீசில் கொடுத்திருந்தால், இந்த மனுஷன் நாலு மாதம் முன்பே காடியைப் பார்த்திருப்பார். எனக்கு அவர் கொடுத்த ஆறுதலும் திருட்டுப் பொருள்தான். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா ஒரு தடவைதான் கேட்டார். "உனக்குத் தெரியாதுதானேப்பா?" தெரியாதும்மா என்றேன். அம்மா தன் வெறும் கையைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கோவிலுக்குப் போய்க் குருக்களிடம், ஏதாவது பரிகாரம் சொல்லுங்க சாமி, அபிஷேகம் பண்ணலாமா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கார்டையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "திருட்டுக்குப் பிராயச்சித்தம் சொல்ற சாஸ்திரம், முதல்ல பொருளைத் திருப்பிக் கொடுன்னுதான் சொல்லுது. அதுக்கப்புறம்தான் மத்தது" என்றார். காடிதான் திரும்பிப் போயிடுச்சே சாமி என்றேன். "காடி போயிடுச்சு. உன்கிட்ட இன்னும் ஒன்னு இருக்கே" என்றார். அபிஷேகத்துக்கு ரசீது போட மறுத்துவிட்டார்.

அப்போதுதான் நிருகன் கதை எனக்கு வேறு மாதிரி புரிந்தது. இரண்டாவது பிராமணர் என்ன செய்தார் பாருங்க. பசுவின் உரிமையாளர் தடுத்ததும், யார் கொடுத்தது என்று உடனே சொன்னார். நேராக அரசன் முன்னால் போய் நின்றார். எதையும் குப்பையில் போடவில்லை. நான் அவர் இல்லை. சரி, நிருகனாவது நானா என்று பார்த்தால், அதுவும் இல்லை. எமன் முன்னால் நின்றபோது அவன், "எனக்குத் தெரியாது, மந்தையில் கலந்துவிட்டது" என்று ஒரு வார்த்தை வாதாடவில்லை. உண்மையிலேயே தெரியாதவன் அவன்! பாவத்தை முதலில் கொடு என்றான். அரைகுறையாகத் தெரிந்த நான்தான் சார்ஜன் முன்னால் தெரியாது தெரியாது என்றேன்.

பதஞ்சலி சொன்ன ஐந்து இயமங்களை வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மூன்றாவது அஸ்தேயம், திருடாமை. ஐந்தாவது அபரிக்கிரகம். ஆசைப்பட்டுப் பொருள் சேர்க்காமை என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தச் சொல்லிலேயே வாங்கிக்கொள்ளாமை என்ற பொருளும் இருக்கிறது. வள்ளுவரும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம், அதற்கு முன்பே வெஃகாமைக்கு ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். கை நீள்வதற்கு முன்னால் மனசு நீண்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு லாக்கப்பில்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை மறுபடியும் பாலாய்க்குப் போனேன். அதே சார்ஜன். கார்டைப் பற்றிச் சொன்னேன். கையெல்லாம் நடுங்கியது, 411 என்ற எண் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் புதுத் தாள் எடுத்து முழுவதையும் எழுதினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போ, கூப்பிட்டால் வா" என்றார். ஏழு மாதம். போன் அடித்தால் வயிறு கலங்கும். கடைசியில் என் மேல் வழக்குப் போடவில்லை, சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். போட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது. 85,000 வெள்ளியில் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை. ஒரு வேனை விற்று அம்மாவின் வளையல்களை மீட்டேன். வளையலைக் கொடுக்கும்போதுதான் அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். அம்மா அழவில்லை. வளையலைப் போட்டுக்கொண்டு, "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நீங்கள் போர்ஷே வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனால் பெட்டி இல்லாத போன், பாதி விலையில் "கார்கோ சாமான்", கெரான் இல்லாத மோட்டார் எல்லாம் உங்கள் நண்பர்கள் மூலமாகத்தான் வரும். முன்பின் தெரியாதவன் விற்றால் பத்துக் கேள்வி கேட்போம். நம்ம அண்ணன், நம்ம கோவில் என்றால் கேள்வி கேட்கக் கூச்சம். கேளுங்க. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கெரானில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்க. சோதனைக்கு அனுப்புங்க. பேர் மாறுகிற வரைக்கும் முழுக் காசைக் கொடுக்காதீங்க. நல்ல மனுஷன் இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டான்.

முகாமில் கேட்ட தம்பிக்கு: நீங்கள் கேட்டது, தெரியாமல் செய்ததற்குப் பாவம் உண்டா என்று. நிருகனுக்கு உண்டு என்கிறது பாகவதம், கண்ணபெருமான் கிணற்றடிக்கு வந்தார் என்றும் சொல்கிறது. என் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை, மன்னிக்கணும்.

இப்போது என்னிடம் ஒரு பழைய மைவி இருக்கிறது. வாங்கியதும் அதே கோவிலுக்குத்தான் கொண்டு போனேன். குருக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டிலேயே வைத்துவிட்டார். "கெரான் எங்கப்பா?" என்றார். எடுத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பேரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தார்.