பீரோவுக்குள் ஒரு விருப்பம்

"இழுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாதுப்பா, கை கால் ஓடும்போதே போய்ச் சேர்ந்திடணும்." எழுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று யாராவது அதட்டுவார்கள். பேச்சு அத்தோடு நின்றுபோகும். பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்து, வென்டிலேட்டர் வைக்கலாமா என்று ஐசியு வாசலில் டாக்டர் கேட்கும்போது, அந்தப் பேச்சை எடுத்துச் சொல்லும் துணிவு அங்கே ஒருவருக்கும் இருக்காது. "எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்பதுதான் பதிலாக வரும்.

அந்தப் பதிலில் பாசம் எவ்வளவு, ஊர்வாய்க்குப் பயம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் 'செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம்' என்று சொல்ல முடிய வேண்டும். தூரதேசத்திலிருந்து வந்திறங்கும் பிள்ளைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இப்படிக் கடைசி நேரத்தில் வந்து, எதையும் நிறுத்தக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவரை அமெரிக்க மருத்துவர்கள் 'கலிஃபோர்னியா மகள்' என்பார்கள். நம் ஊரில் அவர் பெரும்பாலும் மகன்; வருவது அதே கலிஃபோர்னியாவிலிருந்துதான்.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு உண்டு. 1990-இல் டெர்ரி ஷியாவோ என்ற இளம்பெண் மயங்கி விழுந்து, நினைவு திரும்பாமல் கிடந்தார். அவர் எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. இப்படி வாழ அவர் விரும்பியிருக்க மாட்டார் என்றார் கணவர், பெற்றோர் மறுத்தார்கள். 2005-இல் அவர் இறக்கும்வரை நீதிமன்றங்கள் ஆராய்ந்து பார்த்தது, நல்ல நாளில் அவர் போகிறபோக்கில் சொன்னதாக மற்றவர்கள் நினைவுகூர்ந்த சில வார்த்தைகளைத்தான்.

இந்தியாவில் இப்படிப்பட்ட விருப்பத்தை ஒரு தாளில் எழுதிவைக்க வழி பிறந்தது 2018 மார்ச் 9 அன்று. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு காமன் காஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தாளில் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால், வழி திறந்தும் நடக்க ஆளில்லாமல் கிடந்தது. 2023 ஜனவரியில் நிபந்தனை தளர்ந்தது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரும் போதும். தாளைக் காட்டினவுடனே யாரும் குழாயைப் பிடுங்கிவிடவும் முடியாது. மும்மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக நோயாளியின் நிலையைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுதுவது உரிமை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. "என் பிள்ளைகள் என்ன முடிவு செய்தாலும் சரி" என்று ஒருவர் இருந்துவிட்டால் அதுவும் ஒரு விருப்பம்தான். ஆனால் எழுதிய பிறகு நிலைமை மாறுகிறது. எழுதி பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ பூட்டி வைப்பவர், எழுதாமலே இருப்பவரைவிட ஒருவகையில் பெரிய தவறு செய்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பத்திரங்களைத் தேடி பீரோவைத் திறக்கும் மகள் அந்தத் தாளைப் படிக்கிறாள். மூன்று வாரம் ஐசியுவில் தான் தலையாட்டிச் சம்மதித்த ஒவ்வொன்றையும் அப்பா வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சியை அவளுக்கு விட்டுப்போனது நோயோ மருத்துவமனையோ அல்ல.

தாளில் பெயர் எழுதப்பட்டிருக்கும் உறவினர், குடும்ப டாக்டர் ஆகியோரிடம் பிரதி இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பிடமும் ஒரு பிரதி ஒப்படைக்கப்பட வேண்டும், அதைக் காக்க ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. அது ஏட்டளவில் நின்றுவிடக் கூடும்; மகாராஷ்டிரத்தில் இதை நடைமுறைப்படுத்தக் கோரி ஒரு மருத்துவர் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட வேண்டியிருந்தது. இந்த இடத்தில் தனிமனிதரின் பொறுப்போடு அரசின் பொறுப்பும் சேர்கிறது. நள்ளிரவில் ஆம்புலன்ஸில் வருகிறவரின் விருப்பம் எங்கே இருக்கிறது என்று டியூட்டி டாக்டர் கண்டுபிடிக்க முடியாவிட்டால், உரிமை இருந்தும் பயனில்லை.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது காலம். ரொனால்ட் ட்வொர்கின் என்ற சட்ட அறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் மார்கோ என்ற பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். அல்சைமர் நோயாளி. புத்தகத்தின் பக்கங்களை மனம்போனபடி புரட்டுவார், படம் வரைவார், பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சியானவராகவே தெரிந்தார். மறதிநோய் வந்தால் வேறெந்த நோய்க்கும் சிகிச்சை வேண்டாம் என்று அவர் நல்ல நிலையில் எழுதியிருந்து, இப்போது நிமோனியா வந்தால் என்ன செய்வது? முன்பு எழுதியதையே மதிக்க வேண்டும், ஒரு வாழ்க்கை எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் தகுதி தெளிவோடு இருந்தவருக்கே உண்டு என்றார் ட்வொர்கின். இன்னொரு சட்ட அறிஞரான ரெபெக்கா டிரெஸ்ஸர் மறுத்தார்: நம் எதிரே சிரித்துக்கொண்டிருப்பவரை, எப்போதோ போட்ட கையெழுத்துக்காகக் கைவிடலாமா?

இருவரில் ஒருவர் பக்கம் முழுதாகச் சாய்வது எளிதல்ல. ஆனால் அந்தக் கையெழுத்து எப்போது போடப்பட்டது என்பதைப் பொறுத்து விடையின் கனம் மாறும். ஐம்பது வயதில், யாரோ ஒருவரின் சாவைப் பார்த்த கலக்கத்தில் எழுதி மறந்துபோனது ஒன்று. நோய் உறுதியான பிறகு, அது எந்த வழியில் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடி எழுதியது வேறு. பின்னதற்கு எதிராக டிரெஸ்ஸரின் கேள்வி பாதி வலுவிழக்கிறது. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.

எழுதியதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் பணம். ஐசியு பில்லைப் பார்த்தோ, மருமகளின் முகத்தைப் பார்த்தோ கையெழுத்துப் போடும் பெரியவர்கள் இருப்பார்கள். "பாரமாக இருக்கக் கூடாது" என்பது எப்போது சொந்த விருப்பம், எப்போது வற்புறுத்தல் என்பதை நோட்டரியின் முத்திரை சொல்லாது. வீட்டு நிலைமை மாறிய பிறகும் அதே விருப்பம் நீடிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

இங்கே சட்டமே ஒரு முட்டுக்கட்டை. எழுதியதைத் திருத்த வேண்டுமானால் மறுபடி அதே முறை: சாட்சிகள், நோட்டரி. மனம் மாறுவதற்கு இவ்வளவு அலைச்சல் என்றால் பலர் பழையதை அப்படியே விட்டுவிடுவார்கள். அதே தீர்ப்பு வேறொன்றும் சொல்கிறது: எழுதியவர் எதிர்பார்த்திராத, தெரிந்திருந்தால் முடிவை மாற்றியிருக்கக்கூடிய சூழல் வந்திருப்பதாக நம்ப நியாயம் இருந்தால், அந்தத் தாள் பொருந்தாது. பழைய தாளை ஒதுக்க இந்த ஒரு வரி போதும்.

எதையும் மாற்ற வேண்டியிராதவர்கள்கூட, பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலோ துணையை இழந்த பிறகோ, தங்கள் பிரதியில் 'இன்றும் இதுவே என் விருப்பம்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, பெயர் குறிக்கப்பட்டவரிடம் காட்டி வைக்கலாம். சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் தன் இன்றைய நிலையை இவர் அன்று நினைத்துப் பார்த்திருப்பாரா என்று அந்த இரண்டு குழுக்களின் மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும்போது, பதில் சொல்ல அவர் நினைவோடு இருக்க மாட்டார். அந்தத் தேதி இருக்கும்.